கடைசி யூனிட்டிலிருந்து வெட்டுங்கள்: சோலார், ஃபேன், அடுப்பு, வண்டி எதில் காசு மிஞ்சும்?

சோலார் போட்டால் லாபமா என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் என்பார், எதிர் வீட்டுக்காரர் தண்டம் என்பார். தமிழ்நாட்டில் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஏனென்றால் இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. ஒரு வீட்டில் ஒரு யூனிட்டை மிச்சம் பிடித்தால் 2 ரூபாய் 35 காசு மிஞ்சும், இன்னொரு வீட்டில் அதே யூனிட்டுக்கு 11 ரூபாய் 55 காசு மிஞ்சும். எந்த யூனிட்டை மிச்சம் பிடிக்கிறோம் என்பதைப் பார்க்காமல் ஃபேன் மாற்றுவதும், கூரை முழுக்க பேனல் அடுக்குவதும், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதும் குருட்டாம்போக்கு. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் இந்த வழிகாட்டி முழுக்க காசுக் கணக்குதான். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பில்லைப் பிரித்துப் போடுங்கள்

கடைசி ஒரு வருஷத்து ஈபி பில்கள், அதாவது ஆறு பில்கள் வேண்டும். இணைப்பு எண்ணைக் கொடுத்தால் மின்வாரிய இணையதளத்திலேயே பழைய கணக்கு கிடைக்கும். தொகையை விட்டுவிடுங்கள், யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள். மார்கழி, தை பில்லுக்கும் சித்திரை, வைகாசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது விலை. 2024 ஜூலையில் உயர்ந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் பில்லில் விலை மாறியிருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை அதேதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்: 101 முதல் 400 வரைக்குமே 4.70 ஆகிவிடும், அப்புறம் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இதில் ஒளிந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். 500 யூனிட் ஓடினால் பில் 235 + 940 + 630, ஆக 1,805 ரூபாய். 510 ஓடினால் 1,410 + 630 + 84, ஆக 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் 243 ரூபாய் கொடுக்கிறோம். 510, 520-இல் அடிக்கடி மாட்டுகிற வீடு என்றால் உங்களுக்கு சோலாரே தேவையில்லை, ஒரு ஃபேனை மாற்றினால் போதும், மேலே படிக்காமல் கடைக்குக் கிளம்பலாம்.

மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பில்லிலும் உங்கள் கடைசி யூனிட் எந்த விலைப்படியில் விழுந்திருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் முதல் யூனிட்டின் மதிப்பு அந்த விலைதான், சராசரி விலை இல்லை. பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை வைத்துத்தான் சோலார் விற்க வருபவர்கள் கணக்குக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு இந்தப் படிக்கட்டே கிடையாது, வீட்டுக்காரர் சப் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 8, 10 என்று ஒரே விலை வாங்குவார். அநியாயம்தான், ஆனால் கணக்கு சுலபம்: உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் 8 ரூபாய். கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளில் மட்டும் காசு போடுங்கள்.

இரண்டாம் படி: எது தின்கிறது என்று மீட்டரையே கேளுங்கள்

மீட்டர் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, கைபேசியில் ஒரு நிமிஷம் வைத்து எண்ணுங்கள். 8 துடிப்பு வந்தால் மணிக்கு 480 துடிப்பு, அதாவது 0.15 யூனிட், 150 வாட். கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு துடிக்கிறதா? அங்கேதான் சுவாரஸ்யம். செட் டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி. பழைய பேட்டரி சார்ஜ் ஏறாமலே நாள் முழுக்க மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். தண்ணீர் மோட்டாரையும் சோதியுங்கள். ஒரு ஹெச்.பி மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் தின்னும், முன்னே அரை மணியில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது முக்கால் மணி ஆகிறது என்றால் கோளாறு மோட்டாரிலோ ஃபுட் வால்விலோ கிணற்றிலோ இருக்கிறது.

மூன்றாம் படி: ஃபேன் முதலில், ஏசி செத்த பிறகு

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன், 30 வாட் சொச்சம். 45 வாட் வித்தியாசம். நம் ஊரில் ஹால் ஃபேனும் படுக்கையறை ஃபேனும் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுவது சாதாரணம், அப்படியானால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். ஃபேன் விலை சுமார் 3,000. உங்கள் கடைசி யூனிட் 9.45-இல் இருந்தால் ஒரு பில்லுக்கு 406 ரூபாய், ஒன்றேகால் வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். கடைசி யூனிட் 2.35-இல் இருந்தால் 101 ரூபாய், ஐந்து வருஷம் ஆகும். அதே ஃபேன், அதே மிச்சம். விருந்தாளி அறையில் எப்போதாவது சுற்றும் ஃபேனை மாற்றவே மாற்றாதீர்கள், அது காசைத் திருப்பித் தருவதற்குள் துருப்பிடித்துவிடும்.

ஏசி விஷயம் வேறு. பழைய ஒன்றரை டன் ஏசி ஒரு இரவுக்கு, எட்டு மணி நேரத்துக்கு, 8 அல்லது 9 யூனிட் தின்னும். புது 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி 5, 6-இல் நிற்கும். கோடை பில்லில் 180 யூனிட் குறையும், அது உச்சப் படியில் குறைவதால் கிட்டத்தட்ட 1,800 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பில்லில்தான் இந்த மிச்சம். ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைத் தூக்கிப் போட்டு 45,000 கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது பழுதாகி நிற்கும்போது புதிதை 5 ஸ்டாராக வாங்குங்கள். கடையில் ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் அந்த ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு யூனிட்டைப் பாருங்கள், அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான எண். இரண்டு மாடல்களை ஒப்பிட அதுதான் நேர்மையான வழி. ஸ்டார் விதிகள் அவ்வப்போது கடுமையாவதால் பழைய 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றில்லை. அதுவரைக்கும் வெப்பநிலையை 24-க்கு மேல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு, 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி போட்டதும் அதனால்தான்.

சோலார் வாட்டர் ஹீட்டர்: ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் யோசிக்காமல் போடுங்கள். சமவெளியில் வருஷத்தில் பாதி நாள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடச்சுட வருகிறது, அதிலும் உப்புத் தண்ணீர் ஊர் என்றால் குழாய்க்குள் உப்புப் படிந்து தலைவலி. தாண்டிப் போகலாம்.

நான்காம் படி: எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வது

வழிகாட்டியின் மையம் இதுதான், இங்கேதான் ஆட்கள் அதிகமாகக் காசை விடுகிறார்கள். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். நெட் மீட்டரில் நீங்கள் ஈபியிடம் வாங்கியதிலிருந்து நீங்கள் அவர்களுக்குக் கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பில், ஆகவே பகலில்தான் வாஷிங் மெஷின் போட வேண்டும் என்ற அவசரம் இல்லை.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, அதோடு சரி, 3 கிலோவாட்டோ 8 கிலோவாட்டோ மானியம் 78,000-தான். பேனல், கம்பிச் சட்டம், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து கிலோவாட்டுக்கு 60,000 முதல் 70,000 வரை ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு வீடு. ஃபேன் எல்லாம் மாற்றிய பிறகு இரண்டு மாதத்துக்கு 650 யூனிட், பில் 3,352 ரூபாய். இவர்கள் 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் வரும், மீதி 170, அதில் 100 இலவசம், 70 யூனிட்டுக்கு 2.35 வீதம் 165 ரூபாய். பில்லுக்கு 3,188, வருஷத்துக்கு 19,000 சொச்சம் மிச்சம். செலவு 1,35,000-இல் மானியம் 60,000 போக 75,000. நாலே வருஷத்தில் காசு கைக்கு வந்துவிடும், பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். நல்ல முதலீடு, தாராளமாகப் போடலாம்.

அதே வீட்டுக்கு 3 கிலோவாட் போடச் சொல்லி ஆள் வந்து நிற்பார், பில் பூஜ்யம் ஆகிவிடும் என்பார். உண்மைதான், ஆகும். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் போக 45,000-க்கு மேல் கொடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது பில்லுக்கு 165 ரூபாய், வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே. அந்தப் பணத்தை வங்கியில் போட்டாலே வட்டி அதைவிட அதிகம். ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை சோலாரில் தயாரிக்க எதற்குக் காசு போட வேண்டும்? கோடை பில் மட்டும் 900, 1000 என்று எகிறும் வீடாக இருந்தாலோ அடுத்த வருஷம் மின்சார வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றாலோ மூன்றாவது கிலோவாட் நியாயம். பூஜ்ய பில் பெருமைக்காக வேண்டாம். அதிகமாகத் தயாரித்து ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கனவும் வேண்டாம், வீட்டுக் கூரைக்கு அந்த வியாபாரம் கட்டாது.

இன்னொரு கோடியில் 300 யூனிட் வீடு, பில் 705. ஒரு கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம், வருஷத்துக்கு 4,230 மிச்சம், கைக்காசு 40,000 சுமார், கிட்டத்தட்ட ஒன்பதரை வருஷம். நான் போட மாட்டேன். கணக்கைச் சுருக்கிச் சொன்னால், நெட் யூனிட் 150, 200-இல் நிற்கும் அளவுக்கு பேனல் போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம். சோலார் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி பில்லில் வரும், உங்கள் வகைக்கு அது எவ்வளவு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு இந்த மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கையில் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தத் திட்டத்துக்கு அரசு வங்கிகள் 2 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கின்றன. மானியம் வந்ததும் கடனில் கட்டிவிட்டு 75,000 மட்டும் பாக்கி, வட்டி 6.5 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 1,470 ரூபாய் அளவுக்கு வரும். அந்த 650 யூனிட் வீட்டுக்கு மாத மிச்சம் 1,590. தவணையை சோலாரே கட்டிவிடும்.

தனி வீடு மட்டுமில்லை, ஒரு ஊராட்சியே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, மின் கட்டணம் கட்டி மாளாமல் 2006-இல் வங்கிக் கடனோடு 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகவே நிறுவி, ஊருக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. மிஞ்சியதை விற்கும் வியாபாரம் காற்றாலைக்குக் கட்டுபடியானது, மொட்டைமாடிக்குக் கட்டுபடியாகாது, அளவு வேறு.

ஐந்தாம் படி: கூரையில் ஏறும் முன்

காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என மூன்று வேளை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தொட்டியின் நிழல், பக்கத்து மாடிப்படி அறையின் நிழல், முக்கியமாகத் தென்னை மட்டை. சாதாரண இன்வெர்ட்டரில் பேனல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு பேனல் மேல் மட்டை நிழல் ஆடினாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்கும். பேனல் தெற்குப் பார்த்து, சுமார் 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி.

சட்டத்தை ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குத் தூக்கிப் போட்டால் கூடுதல் செலவு, ஆனால் மாடி உங்களுடையதாகவே இருக்கும், ஓரத்தில் வடகம் காயப் போடலாம். கடற்கரை ஊர்களில் சட்டத்துக்கு இரும்புப் பைப்பில் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், சூடாக துத்தநாக முலாம் போட்டதுதான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் என்ன செய்தது என்று நினைவிருக்கும், நட்டும் போல்ட்டும் எப்படித் தளத்தோடு பிடித்திருக்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று: கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், பட்டப்பகல் வெயிலிலும். லைனில் வேலை செய்யும் ஈபி ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். மின்வெட்டுக்கு உங்கள் பழைய பேட்டரி இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சேர்த்த ஹைப்ரிட் அமைப்பு வசதிதான், ஆனால் பேட்டரியின் காசு பில் மிச்சத்தில் திரும்பாது.

விண்ணப்பம் பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் இணைப்பு எண்ணை வைத்துப் பதிவதில் தொடங்குகிறது. வீட்டு இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இன்னும் தாத்தா பெயரில் ஓடுகிறது என்றால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. பதிவுபெற்ற நிறுவனங்களில் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், பேனல் இந்தியாவில் தயாரான செல் கொண்டதாக இருந்தால்தான் மானியம் என்பதால் அதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். நிறுவி, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்து, வங்கிக் கணக்கு விவரம் கொடுத்த பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும். மானியத்தைக் கழித்துக்கொண்டு பாக்கியை மட்டும் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மொத்தக் காசையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம், நெட் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.

ஆறாம் படி: அடுப்பும் அதே கணக்குதான்

14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றில் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 130 யூனிட் சுமாராக ஆகும், ஏனென்றால் கேஸ் சூட்டில் நல்ல பங்கு பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போகிறது. சிலிண்டர் 870 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 70 காசு. உங்கள் கடைசி யூனிட் அதைவிட மலிவா? இண்டக்‌ஷன் லாபம். 8.40-க்கு மேலா? கேஸே மலிவு. சோலார் போட்டு நெட் யூனிட் 200-க்குள் வந்துவிட்ட வீட்டுக்கு அடுத்த யூனிட் 2.35 அல்லது 4.70-தான், அவர்கள் தாராளமாக மாறலாம். தோசைக்கும் குக்கருக்கும் தட்டையான அடிப்பாத்திரம் வேண்டும் என்பதையும் செலவில் சேருங்கள். ஒரு பர்னர் கேஸை வைத்துக்கொள்வதில் தப்பில்லை, அப்பளம் சுட வேண்டாமா.

ஏழாம் படி: வண்டி

எனக்குக் கேட்டால் பெரிய காசு இங்கேதான் இருக்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர், பெட்ரோல் 100 ரூபாய், ஆக கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு. மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் இழப்பையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு மூன்றேகால் யூனிட் சுமார், அதை 8.40 விலையில் வைத்தாலும் கிலோமீட்டருக்கு 27 காசுதான். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 1,650 ரூபாய் இருந்த இடத்தில் 205. உச்சப் படியில் ஏற்றினாலும் மின்சாரம் ஜெயிக்கும் ஒரே இடம் இதுதான்.

ஆனால் வண்டி விலை கூடுதல், பேட்டரி உத்தரவாதம் முடிந்தால் பெரிய தொகை. அதனால் தினமும் 25, 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத்தான் இது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் வண்டியை அப்படியே விடுங்கள். பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை சதவீதம் திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை உத்தரவாத அட்டையில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், சாலை வரிச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட் கூடும், 480-இல் இருக்கும் வீடு இதனால் 500-ஐத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு

மாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனித்தனியாகப் போடுவது சண்டையில் முடியும். அதைவிடப் பொது மீட்டரைப் பாருங்கள்: லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு. அதற்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, 2.35 சலுகையும் இல்லை, பெரிய குடியிருப்புகளுக்கு முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். ஆகவே அங்கே போடும் ஒவ்வொரு கிலோவாட்டும் முழு விலைக்குச் சம்பாதிக்கும், மூன்றாவது கிலோவாட் தண்டம் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது. குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பராமரிப்புச் செலவை யார் கையாள்வது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

போட்ட பிறகு

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காலையில் வெயில் ஏறும் முன் பேனலைக் கழுவுங்கள், மத்தியானம் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் என்றால் துடைத்துவிடுங்கள், கறை படியும். இன்வெர்ட்டர் செயலியில் மாத உற்பத்தியைக் குறித்து வைத்து, 2 கிலோவாட்டுக்கு மழை மாதம் இல்லாத நேரத்தில் 240-க்கு மிகவும் கீழே போனால் உடனே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு பில் வந்ததும் அதில் இறக்குமதி, ஏற்றுமதி என்று இரண்டு எண் இருக்கும், மீட்டரில் ஓடும் எண்ணோடு அதை ஒத்துப் பாருங்கள். ஏற்றுமதி எண் பூஜ்யமாக வந்தால் நெட் மீட்டர் மாற்றிய விவரம் கணினியில் ஏறவில்லை என்று அர்த்தம், அந்த பில்லோடும் மீட்டர் புகைப்படத்தோடும் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.